கணக்குப்பிள்ளை வாங்கிய சிங்கப்பூர் ரம்பம்

மருதங்கோட்டகத்துக் கணக்குப்பிள்ளை குஞ்சிதபாதத்திடம் யாராவது ஒரு கேள்வி கேட்டால், முதலில் வெற்றிலைச் செல்லம் திறக்கும். காம்பு கிள்ளி, முதுகு துடைத்து, சுண்ணாம்பு தடவி, மடித்து வாயில் அடக்கிக்கொண்ட பிறகு மனுஷர் எப்படிப் பேசுவார்? கேட்டவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "சரிங்க, அப்புறமா வர்றேன்" என்று போய்விடுவார். இப்படித்தான் எங்கள் ஊர் நிலத் தகராறுகளை அவர் வருஷக்கணக்கில் கட்டிக் காத்தார். அவர் காலத்தில் எந்தத் தகராறும் தீர்ந்ததில்லை. முற்றியதும் இல்லை.

நான் நீலமேகம். அந்த ஊரில் வயர்மேன். திருவாரூர் - நாகப்பட்டினம் சாலையில் பஸ் நிற்கும் இடத்தில் எனக்கு ஒரு சின்னக் கடை இருந்தது. மோட்டார் காயில் கட்டுவேன், கல்யாணத்துக்கு சீரியல் லைட் போடுவேன். கணக்குப்பிள்ளைக்கு நடந்ததில் பாதி என் கண்ணெதிரே நடந்தது. மீதியை அவர் சம்சாரம் கமலாம்பாள் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

ஊர்த் தகராறுகளில் பெரியது கிழக்கு வாய்க்காலை ஒட்டிய நிலம். பட்டா மிராசுதார் துரைராசு பெயரில். உழுது, நட்டு, அறுத்தது உத்திராபதி. அதற்கு முன் அவர் அப்பா. குத்தகைக்காரர்கள் பெயரைப் பதிய வேண்டும் என்று சட்டம் வந்ததிலிருந்து உத்திராபதி கணக்குப்பிள்ளை வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தார்.

"பதிஞ்சிடலாம்ப்பா. பெரிய எடத்துல ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்" என்பார் பிள்ளை.

மிராசுதார் கேட்டால், "இன்னும் பதியலைங்க. அவன்தான் கேட்டுக்கிட்டே இருக்கான்" என்பார்.

இரண்டும் பொய் இல்லை. துரைராசுவும் சாமானியப்பட்டவர் இல்லை. அவர் வீட்டுக் கொடியில் காயும் கரைவேட்டியைப் பார்த்தால் சென்னையில் எந்தக் கழகத்தின் ஆட்சி நடக்கிறது என்று சொல்லிவிடலாம். ஆட்சி மாறினால் கரை மாறும். நிலம் மட்டும் மாறாது.

1980 நவம்பரில் அரசாங்கம் ஒரே உத்தரவில் தமிழ்நாடு முழுக்க இருந்த கர்ணம் என்கிற கணக்குப்பிள்ளை, மணியம் ஆகிய பரம்பரைப் பதவிகளையெல்லாம் ஒழித்துவிட்டது. டீக்கடை ரேடியோவில் செய்தி வந்தபோது பிள்ளை அங்கேதான் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். செய்தி முடிந்து நாதஸ்வரம் வைத்தார்கள். உத்திராபதி மெதுவாகக் கேட்டார்: "அப்ப என் மனு என்னங்க ஆவுறது?"

பிள்ளை பழக்க தோஷத்தில் செல்லத்தைத் திறந்தார். பிறகு, இனி பதில் சொல்லாமல் இருப்பதற்குக்கூடத் தனக்கு அதிகாரம் இல்லை என்பது உறைத்திருக்க வேண்டும். மூடிவிட்டு எழுந்து போனார்.

கர்ணங்கள் எல்லாரும் சேர்ந்து கோர்ட்டுக்குப் போனார்கள். "மூணே மாசம். ஸ்டே வந்துரும்" என்று பிள்ளை எல்லாரிடமும் சொன்னார். யாரும் கேட்காமலே சொன்னார். காலையில் குளித்து, திருநீறு பூசி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தான் கணக்கு எழுதிய சாவடி வரை போவார். பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவார். நிலம் கொஞ்சம் உண்டு, சாப்பாட்டுக்குக் குறைவில்லை. ஆனால் நடவுக்கும் அறுப்புக்கும் ஆள் கூப்பிட்டால், முன்னே ஓடி வந்தவர்கள் இப்போது "வர்றோங்க" என்று சொல்லிவிட்டு நிதானமாக வந்தார்கள். அந்த நிதானம்தான் அவரை அரித்தது.

தை பிறந்ததும் கமலாம்பாள் அவரை நாகப்பட்டினத்துக்கு அனுப்பினார். சிங்கப்பூர்க் கப்பலில் வருகிறவர்கள் கொண்டுவரும் கம்பளிப் போர்வை நன்றாக இருக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஒயர் வாங்க நானும் கூடப் போனேன்.

நாங்கள் தேடிப் போன அப்துல் அஜீஸ் சிங்கப்பூரில் கட்டட வேலைகளுக்குப் பலகை அடித்தவர். முதுகு பிடித்துக்கொண்டதால் வேலையை விட்டுக் கப்பலேறி வந்து, கொண்டுவந்த சாமான்களை வீட்டு முன்கட்டில் பரப்பி வைத்து விற்றுக்கொண்டிருந்தார். போர்வை, டார்ச் லைட், டேப் ரிக்கார்டர். ஓரத்தில் எண்ணெய்த் துணியில் சுற்றி ஒன்று இருந்தது. பிள்ளை குனிந்து துணியை விலக்கினார்.

"இது என்ன பாய், காத்தாடியா?"

"ரம்பம் புள்ளை. கரண்டு ரம்பம். கையில புடிச்சு அறுக்கறது."

கைப்பிடி வைத்த சின்ன மோட்டார். பக்கவாட்டில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வட்டமான பல் சக்கரம். மோட்டார் மேல் யாரோ சீன எழுத்தில் ஏதோ கீறியிருந்தார்கள். சக்கரத்தை மூடும் தகடு தானாகத் திரும்பி மூட வேண்டும். அதன் ஸ்பிரிங் போய்விட்டதால் தொளதொளவென்று தொங்கியது. நேராக அறுப்பதற்கு வழிகாட்டும் பட்டை ஒன்று இருந்திருக்க வேண்டும். அதற்கான ஓட்டை மட்டும் இருந்தது.

"ஓடுமா?" என்று நான் கேட்டேன்.

"சிங்கப்பூர்ல ஓடுச்சு."

இங்கே ஓட்டிக் காட்ட முடியவில்லை. பிளக்கில் மூன்று பட்டைக் கால்கள். எங்கள் தஞ்சாவூர் ஜில்லா முழுக்கத் தேடினாலும் அந்தக் கால் நுழையும் ஓட்டை கிடைக்காது.

"எனக்கு ஆசாரி வேலை தெரியாதே" என்றார் பிள்ளை. ஆனால் கை ரம்பத்தை விடவில்லை.

"ஆசாரிக்குத்தான் புள்ளை வேலை தெரியணும். இது மிஷினு. கெட்டியாப் புடிச்சுக்கிட்டு அது போற வழியில பின்னாலயே போவணும். அவ்வளவுதான்."

அது அவருக்குப் பழகின வேலைதான். துரைராசு பின்னால் அப்படித்தானே இத்தனை வருஷம் போயிருந்தார்? உடனே வாங்கிவிட்டார்.

பஸ்ஸில் வரும்போது மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: "நீலமேகம், பாத்துக்கிட்டே இரு. ஸ்டே வர்றவரைக்கும் ஒரு தொழிற்கூடம் மாதிரி நடத்துவோம். மின்சார மர அறுவை நிலையம். ஊர்ல எவன்கிட்ட இருக்கு இது?"

வீட்டு வாசலில் கமலாம்பாள் எண்ணெய்த் துணியைப் பார்த்துவிட்டு, "போர்வை எங்கங்க?" என்றார்.

நான் பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு நம்ம ஊர் உருண்டைக் கால் பிளக் போட்டேன். எர்த் கம்பி இழுத்துக் கொல்லையில் குழி தோண்டிப் புதைத்தேன். தொங்கும் தகட்டுக்கு சைக்கிள் ஸ்பிரிங் ஒன்றை மாட்டினேன். இதற்குள் பிள்ளை பஞ்சாங்கம் பார்த்து நாள் குறித்துவிட்டார்.

ஊரே வந்திருந்தது. இத்தனை நாள் அவர் வாசலில் நின்று காத்துக்கொண்டிருந்தவர்கள் இப்போது வேடிக்கை பார்க்கத் தாமாக வந்து நின்றார்கள். உத்திராபதியும் அவர் சம்சாரம் எல்லையம்மாளும் முன்வரிசையில். துரைராசு நேரில் வரவில்லை, தன் நிலபுலன்களைப் பார்த்துக்கொள்ளும் காரியக்காரரை அனுப்பியிருந்தார்.

பிள்ளையிடம் மாம்பலகைகள் இருந்தன. எழுபத்தேழு புயலில் கொல்லை மாமரம் விழுந்தபோது, கூடம் எடுத்துக் கட்டலாம் என்று மரவாடியில் கொடுத்து அறுத்து அடுக்கி வைத்தவை. வண்டியில் ஏற்றுவதற்காக அடிமரத்தைத் துண்டு துண்டாக வெட்டியிருந்ததால் பலகைகள் அகலம் அதிகம், நீளம் குறைச்சல். அதில் ஒன்றைத் தூக்கி, தான் தினமும் சாய்ந்து உட்காரும் சாய்வு நாற்காலியின் இரண்டு கைகள் மேல் குறுக்கே வைத்தார். பென்சிலால் ஒரு கோடு போட்டார். நிலம் அளந்த கை. அப்படி ஒரு நேர்க்கோட்டை நான் பார்த்ததில்லை.

சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். புது லாரி எடுத்தால் செய்வது போல. கற்பூரம் காட்டினார்கள். பிள்ளை சுவிட்சை அழுத்தினார்.

அந்த மாதிரி ஓர் அலறலை எங்கள் ஊர் கேட்டதில்லை. மாடுகள் கட்டுத்தறியைப் பிய்த்துக்கொண்டன. எலுமிச்சம்பழம் காணாமல் போய், காரியக்காரர் நெற்றியில் பாதியாக வந்து விழுந்தது. பிள்ளை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, அது போகிற வழியில் போனார். பலகை பாதி அறுபட்டது. அதன் அடியிலிருந்த நாற்காலியின் வலது கையும் அறுபட்டது. பிறகு பலகை இரண்டு பக்கமும் மடங்கிச் சக்கரத்தைக் கவ்விப் பிடிக்க, ரம்பம் ஒரு துள்ளு துள்ளி அவரை வாழைமரத்தில் சாய்த்துவிட்டுத் தன்பாட்டுக்குப் புல் மேல் கிடந்து சுற்றியது. நான் ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்குவதற்குள் பீஸ் போய், அந்தத் தெருவில் ஒரு வீட்டிலும் கரண்ட் இல்லை.

ரம்பம் ஓய்ந்ததும் எல்லையம்மாள் குரல் கேட்டது: "ஐயாவோட நாக்காலியப் பாருங்களேன். ஒரு கை போயிருச்சே!"

பிள்ளை எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். விரல்களை ஒருதரம் பார்த்துக்கொண்டார். எல்லாம் இருந்தன. "கரண்டுதான் சரியில்லை. வோல்டேஜ் பத்தலை" என்றார்.

அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பயந்து ஒதுங்கவில்லை. அடுத்த நாளே, நாற்காலியை விட்டுவிட்டு, இரண்டு உரல்களைக் கவிழ்த்துப்போட்டு அதன் மேல் பலகையை வைத்தார். பலகை கவ்வாமலிருக்க அறுத்த வாயில் ஆப்பு செருகக் கற்றுக்கொண்டார். கண்ணைத் திறந்துகொண்டு அறுக்கப் பழகினார். எல்லாம் தானே பட்டுத் தெரிந்துகொண்டது. நேராக அறுப்பது மட்டும் வரவில்லை. கோடு நூல் பிடித்தது போல இருக்கும். ரம்பம் பாதி தூரம் கோட்டோடு வரும். அப்புறம் அதற்கு ஒரு யோசனை தோன்றி ஒதுங்கிவிடும். வோல்டேஜ் இறங்கினால் இடப்பக்கம், ஏறினால் வலப்பக்கம்.

கமலாம்பாள் அரிவாள்மணைக்குப் பக்கத்தில் போட்டு உட்கார ஒரு மணை கேட்டார். பிள்ளை நாள் முழுக்க மெனக்கெட்டுச் செய்து கொண்டுவந்து போட்டார். கமலாம்பாள் உட்கார்ந்தார். முன்னால் ஒருதரம், பின்னால் ஒருதரம் ஆடியது.

"நான் மணைதானே கேட்டேன்? ஊஞ்சல் கேக்கலையே!"

வேறு யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒரு வருஷம் இப்படிப் போயிற்று. கோர்ட்டிலிருந்தும் ஒன்றும் வரவில்லை.

எண்பத்திரண்டு தையில் சம்பா அறுப்புக்கு நின்றது. அந்த வருஷம் துரைராசுவுக்கு ஒரு துணிச்சல் வந்திருந்தது. பழைய கணக்குப்பிள்ளை இல்லை. புதிதாக வந்த அதிகாரிக்குக் கிழக்கு வாய்க்கால் எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாது. இந்த வருஷம் வெளியூர் ஆளை இறக்கித் தானே அறுத்துக்கொண்டால், "சொந்த சாகுபடி" என்று சொல்லிவிடலாம். உத்திராபதி விவசாயிகள் சங்கத்துக்குப் போனார். சிவப்புக் கொடியோடு வயலில் இறங்கி நாங்களே அறுப்போம் என்று சங்கம் சொன்னது. கணக்குப்பிள்ளை பதில் சொல்லாமல் மெல்லும் வெற்றிலை நின்றுபோன ஊரில், நிலம் யாருடையது என்பதைக் கம்புதான் சொல்ல வேண்டும் என்றாகிவிட்டது.

எங்கள் பக்கத்தில் அறுவடைத் தகராறு எப்படியெல்லாம் முடியும் என்று எல்லாருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. இன்ஸ்பெக்டர் வந்து இரண்டு தரப்பையும் தனித்தனியாகக் கூப்பிட்டு எச்சரித்தார்: மூங்கில் கழி கூடாது, உருட்டுக்கட்டை கூடாது, அரிவாள் அறுக்கிற பெண்கள் கையில் மட்டும்தான், அவர்களும் வரப்பில்தான் நிற்க வேண்டும். கொடி பிடிக்கலாம். போர்டு பிடிக்கலாம். அதற்குச் சட்டத்தில் இடம் உண்டு.

மறுநாள் உத்திராபதி கணக்குப்பிள்ளை வீட்டுக்கு வந்தார்.

"ஐயா, கொடி கட்டக் கம்பு வேணும். மூங்கில் வேணாம்னுட்டாங்க. பலகையில கிழிச்ச ரீப்பர் கட்டையா இருந்தா நல்லது." கொஞ்சம் நிறுத்தி, "நல்ல கெட்டியா. நீட்டமா" என்றார்.

பிள்ளைக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. முதல் ஆர்டர். "எதுக்கு அவ்வளவு கெட்டி?" என்று அவர் கேட்கவில்லை. இத்தனை வருஷப் பழக்கம்.

அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் துரைராசுவின் காரியக்காரர் வந்தார்.

"'அத்துமீறி உள்ளே வராதே'ன்னு போர்டு வைக்கப் போறோங்க. அதுக்குக் காலு வேணும். கையில புடிக்கிறாப்புல. நல்லா கெட்டியா."

அதற்கும் பிள்ளை தலையாட்டினார்.

சிக்கல் பலகையில் இருந்தது. இரண்டு தரப்புக்கும் நீளம் வேண்டும். மாம்பலகையில் நீளம் இல்லை. பிள்ளை ஒரு பலகையை உரல் மேல் வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரித்தார். என்னைக் கூப்பிட்டார்.

"நீலமேகம், ஒரு சதுரத்துல நீளமான கோடு எது சொல்லு?"

"தெரியலைங்களே."

"மூலைக்கு மூலை. அதுக்கு என்ன பேரு தெரியுமா? கர்ணம்!" என்று நெஞ்சைத் தட்டிக்கொண்டார். "வயல் அளக்கறப்ப கர்ணம் புடிச்சுத்தான் பரப்புப் பாப்போம். அதே கணக்குத்தான்."

அப்படியே எல்லாப் பலகைகளையும் மூலைக்கு மூலை கோடு போட்டு அறுத்தார். ஒரு பலகைக்கு இரண்டு மூன்று நீளக் கட்டைதான் தேறியது; மற்றதெல்லாம் முக்கோணத் துண்டாகக் குவிந்தது. அதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. நீளம் வந்துவிட்டது. மரத்தில் நார் ஒரு பக்கம் போகிறது, தன் அறுப்பு அதற்குச் சாய்வாகக் குறுக்கே போகிறது, அப்படி அறுத்த கட்டை பார்க்கத்தான் கட்டை என்பது அவருக்குத் தெரியாது. எனக்கும் அன்றைக்குத் தெரியாது. ஒரே குவியலில் இருந்து பாதியை உத்திராபதிக்கும் பாதியைக் காரியக்காரருக்கும் கட்டிக் கொடுத்தார். இரண்டு பேரும் வெவ்வேறு நேரத்தில் வந்து எடுத்துப்போனார்கள்.

அறுப்பன்று காலையில் நான் வாய்க்கால் கரையில் நின்றேன். பிள்ளை வரவில்லை. வயலுக்கு மேல்பக்கம் துரைராசுவின் ஆட்கள், தோளில் போர்டுகளோடு. கீழ்பக்கம் உத்திராபதியும் சங்கத்து ஆட்களும், கொடிகளோடு. நடுவில் கதிர் சாய்ந்து கிடந்தது. இன்ஸ்பெக்டர் வரப்பில் போலீஸ்காரர்களோடு நின்று, கம்பைக் கவனிக்காமல் கொடியையும் போர்டையும் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

யார் முதலில் இறங்கினார்கள் என்பதில் இன்று வரை ஊரில் ஒத்த கருத்து இல்லை. ஒரு கூச்சல் எழுந்தது. கொடித்துணியைச் சுருட்டிக் கம்போடு இறுக்கினார்கள். போர்டைத் திருப்பிக் காலைப் பிடித்தார்கள். ஓடி வந்து மோதினார்கள். கண்ணை மூடலாமா என்று நினைத்த அந்த நொடியில், தீபாவளிக்குச் சீனிவெடி வெடித்த மாதிரி பட் பட் பட்டென்று சத்தம்.

முதல் அடியிலேயே கம்புகள் முறிந்துவிட்டன. இரண்டு பக்கத்துக் கம்பும். உத்திராபதியின் கம்பு அடித்தவுடன் போயிற்று. காரியக்காரருடையது ஓங்கும்போதே மேலே பாதி பறந்து பின்னால் நின்றவர் மேல் விழுந்தது. ஆளாளுக்குக் கையில் சாண் நீளத் துண்டோடு எதிராளியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அடுத்து என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. அந்தத் துண்டை வைத்துக்கொண்டு மனுஷனை அடிக்கவும் முடியாது. கீழே போட்டால் தோற்ற மாதிரி.

வரப்பில் நின்ற எல்லையம்மாள்தான் முதலில் சிரித்தார். "அடப்பாவிங்களா, முருங்கைக்காய எடுத்துக்கிட்டா சண்டைக்கு வந்தீங்க?" அரிவாளோடு நின்ற அத்தனை பெண்களும் சிரித்தார்கள். துரைராசு கூட்டிவந்த வெளியூர்ப் பெண்களும்தான். அதற்குள் இன்ஸ்பெக்டர் நடுவில் வந்து நின்றுவிட்டார். ஒருவருக்கும் பெரிய காயம் இல்லை. ஒருவர் நெற்றியில் சிராய்ப்பு, ஒருவருக்குக் கண்ணில் தூசி.

வெயில் ஏறியபோது பிள்ளை வாசலில் கூட்டம். ஒரு பக்கம் உத்திராபதி ஆட்கள், கையில் முறிந்த துண்டோடு. மறுபக்கம் காரியக்காரரும் ஆட்களும், அதே துண்டோடு.

உத்திராபதிக்கு ஆத்திரத்தில் மரியாதை பாதி போய்விட்டது. "ஏங்க, பெரிய எடத்துல கை நீட்டி வாங்கிக்கிட்டுத்தானே எங்களுக்கு ஓட்டைக் கம்பா அறுத்துக் குடுத்தீங்க?"

"நாங்க குடுத்தமா?" என்று காரியக்காரர் எகிறினார். "எங்க கம்பப் பாருய்யா! சங்கத்துக்காரனுங்களோட சேந்துக்கிட்டு எங்களைக் கவுத்துட்டாரு!"

பிள்ளை இரண்டு துண்டுகளையும் வாங்கிப் பார்த்தார். ஒன்றுக்கொன்று பொருத்திப் பார்த்தார்.

"ரெண்டும் ஒரே பலகைங்க" என்றார். "ஒரே நாள்ல, ஒரே ரம்பத்துல, ஒரே கோட்டுல அறுத்தது. ஒருத்தருக்கும் ஓரவஞ்சனை பண்ணலை."

எதிராளிக்கும் அவரே அறுத்துக் கொடுத்தார் என்பது அப்போதுதான் இரண்டு தரப்புக்கும் புரிந்தது. பிறகு இரண்டு தரப்பும் சேர்ந்துகொண்டு அவரைத் திட்டத் தொடங்கியது. கிழக்கு வாய்க்கால் நிலத்து விஷயத்தில் துரைராசு தரப்பும் உத்திராபதி தரப்பும் ஒரே வார்த்தையைச் சொன்னது அன்றைக்குத்தான்.

கமலாம்பாள் உள்ளேயிருந்து வந்தார். "எல்லாரும் கையும் காலுமா வந்துதானே திட்டுறீங்க? திட்டிட்டுப் போங்க. மோர் இருக்கு, வேணுங்கறவங்க குடிச்சுட்டுத் திட்டுங்க" என்றார். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டம் கரைந்தது. சிலர் மோர் குடித்தார்கள்.

வருவாய்க் கோட்ட அதிகாரியான ஆர்.டி.ஓ. பள்ளிக்கூடத்தில் விசாரணை வைத்தார். இன்ஸ்பெக்டர் முறிந்த கம்புகளைக் கட்டாகக் கட்டி மேஜை மேல் வைத்து, "பயங்கர ஆயுதங்கள்" என்று எழுதியிருந்தார். ஆர்.டி.ஓ. அதில் முழுசாக இருந்த ஒன்றை எடுத்து லேசாக வளைத்தார். அவர் கையிலேயே முறிந்தது. இன்ஸ்பெக்டரை நிமிர்ந்து பார்த்தார். அந்த வழக்கு அங்கேயே முடிந்தது.

பிறகு நிலத்துப் பேச்சு. "இதுல யாருங்க சாகுபடி? ஊர்ல தெரிஞ்சவங்க யாராவது சொல்லுங்க."

யாரும் எதிர்பார்க்கவில்லை; பிள்ளை எழுந்தார். செல்லம் கையில் இருந்தது, ஆனால் திறக்கவில்லை. துரைராசு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உத்திராபதிதாங்க" என்றார் பிள்ளை. "அவன் அப்பன் காலத்துலேருந்து. வேற யாரும் அந்த வயல்ல காலு வச்சு நான் பாத்ததில்லை."

எல்லையம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். அத்தனை வருஷம் நடந்தும் கிடைக்காத ஒரு வரி.

"நீங்க யாரு?" என்றார் ஆர்.டி.ஓ.

"முன்னாள் கர்ணம்ங்க."

"அப்படியா. இப்ப நீங்க எந்தப் பொறுப்புலயும் இல்லையே? நீங்க சொல்றதை நான் எப்படி எடுத்துக்கறது? பதவியில இருந்தப்ப சொல்லியிருந்தா உபயோகமா இருந்திருக்கும்." எழுதாமல் பேனாவை மூடினார்.

அந்த வருஷ நெல்லை அதிகாரிகள் முன்னால் அறுத்துப் பங்கிட்டுக்கொள்ளச் சொல்லி உத்தரவாயிற்று. உத்திராபதி பெயர் பதிவாக இன்னும் சில வருஷம் ஆனது. அக்கம்பக்கத்து வயல்காரர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சாட்சி சொல்லித்தான் நடந்தது. கர்ணங்கள் வழக்கு தில்லி வரை போய்த் தோற்றது. பிள்ளைக்கு இரண்டு பக்கமும் முகம் இல்லை. துரைராசு வீட்டு விசேஷத்துக்கு அழைப்பு வரவில்லை. ரம்பத்துக்கு ஆர்டர் என்ற பேச்சே இல்லை.

கடைசியில் ரம்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தார். பஸ்ஸில் கொண்டுபோக மிச்சமிருந்த முக்கோணத் துண்டுகளை வைத்து ஒரு பெட்டி அடித்தார். அவர் கை வேலை எப்படியிருக்கும்? பலகைக்குப் பலகை விரல் நுழையும் சந்து. அதில் ரம்பத்தை வைத்துக் கட்டிக்கொண்டு நாகப்பட்டினம் போனோம்.

"வித்ததை வாங்கற பழக்கம் நமக்கில்லை புள்ளை" என்றார் அப்துல் அஜீஸ்.

அங்கே டார்ச் லைட் வாங்க வந்திருந்த ஒரு அம்மா பெட்டியையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பெயர் சுந்தரி. அக்கரைப்பேட்டையில் படகுகளில் மீன் எடுத்து, ஐஸ் போட்டு லாரியில் கேரளாவுக்கு ஏற்றுகிற வியாபாரி.

"இந்தப் பெட்டி யாரு செஞ்சதுங்க?"

பிள்ளை கூசிப்போனார். "நான்தான். கொஞ்சம் கோணலாப் போச்சு."

"கோணலா? ஐஸ் தண்ணி வடிய இந்தச் சந்துதாங்க வேணும். எங்களுக்குச் செய்யறவரு நெருக்கி நெருக்கி அடிச்சுர்றாரு, தண்ணி நின்னு மீனு வெளுத்துப்போவுது. இதே மாதிரி செஞ்சு குடுப்பீங்களா? லாரிக்கு லாரி வேணும்."

பிள்ளை என்னைப் பார்த்தார். அவர் வீட்டில் தலைமுறை தலைமுறையாக முட்டைகூடப் படி தாண்டியதில்லை. செல்லத்தைத் திறந்தார். காம்பு கிள்ளினார், முதுகு துடைத்தார். சுந்தரி நகரவில்லை. மீன் ஏலத்தில் நிற்கிறவர். எதிராளி வாய் திறக்கும் வரை நிற்கத் தெரிந்தவர். வெற்றிலை முழுசும் மென்று தீர்ந்தது. சுந்தரி அப்படியே நின்றார்.

"செய்யறேன்" என்றார் பிள்ளை.

அதற்கப்புறம் அவர் வீட்டு வாசலில் ரம்பம் ஓயவில்லை. ஊர்க்காரர்கள் முதலில் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பிறகு அவர்கள் வீட்டுப் பிள்ளைகளே ஆணி அடிக்கக் கூலிக்கு வந்தார்கள். உத்திராபதியின் மூத்த மகனும் வந்தான். கமலாம்பாள் காலிப் பெட்டிகளைக்கூட வாசல்படி தாண்ட விடவில்லை. ஆனால் அவருடைய கம்பளிப் போர்வை அந்த மார்கழியில் வந்து சேர்ந்தது. சுந்தரியே கொண்டுவந்து கொடுத்துவிட்டு, உள்ளே வராமல் வாசல் பந்தலிலேயே உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டுப் போனார். "மீன் திங்காத மனுசரு பெட்டி செஞ்சா ஒரு சௌகரியம்ங்க. வழியில ஒரு மீனு குறையாது" என்று சொன்னாராம்.

பெட்டி இறக்கப் பிள்ளை துறைமுகத்துக்கே போய் வருவார். போகப் போக எந்த மீனுக்கு எந்த அளவுப் பெட்டி, எந்தக் காற்றுக்கு எது கிடைக்கும் என்பதெல்லாம் அவருக்குத் தண்ணிபட்ட பாடாகிவிட்டது. நான் ஒருநாள் மதியம் அவர் வீட்டில் சுவிட்சு மாற்றிக்கொண்டிருந்தேன். சாப்பிட உட்கார்ந்த மனுஷர் தட்டில் கை வைக்காமல் ஏதோ யோசனையில் இருந்தார்.

"என்னங்க, சாதம் ஆறுது" என்றார் கமலாம்பாள்.

"இந்த வருஷம் வஞ்சிரம் வரத்தே இல்லை கமலா. காத்து மாறலைன்னா ரொம்பக் கஷ்டம்" என்று பெருமூச்சு விட்டார் பிள்ளை.

கமலாம்பாள் அவருக்கு இன்னொரு கரண்டி பருப்பு ரசம் ஊற்றினார்.